அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களைத் திட்டும் தகுதி அதற்கப்புறம்தான் வரும்.

அப்பாவுக்கு அப்போது வயது 69. பெடோங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் 31 வருஷம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் வீடமைப்புக்குப் போனதும் சுங்கை பட்டாணியில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். அதன்பின் பாதுகாவலர் வேலை. இருபது வருஷமாக இனிப்புநீர். புதுச் செருப்பு கடித்து வலது பெருவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. காலில் உணர்ச்சியே இல்லாததால் அவருக்கு வலிக்கவில்லை. வலிக்காததால் யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது விரல் கறுத்து, பாதம் வீங்கி, வீட்டில் ஒரு நாற்றம். காய்ச்சலோடு வார்டில் சேர்த்தோம்.

மறுநாள் காலை ஒரு இளம் டாக்டர், என் வயதுதான் இருக்கும், என்னைத் தனியாக நடைபாதைக்குக் கூப்பிட்டார். கிருமி ரத்தத்தில் ஏற ஆரம்பித்துவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், நாளைக்கே என்றார். எல்லாம் ஆங்கிலத்தில். மூன்று நிமிடம் இருக்கும். கடைசியாக, "அப்பாவுக்கு நீங்களே விளக்கிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்று மாலைக்குள் ஆறு பேரிடம் போனில் பேசினேன். ஜொகூரில் இருக்கும் அண்ணன், குலிமில் இருக்கும் மாமா, இரண்டு அத்தைகள், சித்தப்பா, அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர். மருத்துவத்தைப் பற்றி ஆறு பேருக்கும் ஆறு கருத்து. எடுக்கச் சொன்னவர் இருவர். பினாங்கில் தனியாரிடம் காட்டச் சொன்னவர் ஒருவர். ஈப்போவில் பச்சிலை கட்டுகிறவரிடம் கூட்டிப்போகச் சொன்னவர் ஒருவர். 'ஏஓஆர்' எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னவர்கள் இருவர். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் ஆறு பேரும் ஒரே குரல்: "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். மனசு ஒடஞ்சிடும்."

நான் ஒப்புக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்பாவிடம் நான் பொய் சொல்லவில்லை. இன்னும் கேவலமான ஒன்றைச் செய்தேன். "கால்ல ஆப்பரேஷன்பா" என்றேன். தமிழில் கால் என்றால் பாதமும் கால்தான், தொடை வரைக்கும் கால்தான். மலாயில் 'காக்கி'யும் அப்படியே. அந்த ஒரு சொல்லுக்குள் போய் நான் ஒளிந்துகொண்டேன்.

"வெரலு மட்டுந்தான?" என்று கேட்டார்.

"டாக்டர் பாத்துப்பாருப்பா."

மிஸ்ஸி படிவத்தைக் கொண்டுவந்தார். அதில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. அப்பா பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ படிச்சுப் பாத்தியா?"

"படிச்சேன்பா."

கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சி என்று நான் போட்டேன்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அவர் ஒன்பது வருஷம் பொருளாளர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். 2019-இல் நின்றுபோகும்வரை 'தமிழ் நேச'னை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரைக்கும் படித்தவர். திருவிழாக் கணக்கை யாராவது வாசித்துக் காட்டாமல் அவர் ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. தேங்காய் எத்தனை, சூடம் எத்தனை, மேளக்காரருக்குக் கொடுத்தது எவ்வளவு என்று எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்க வேண்டும். நாற்பது வெள்ளி இடித்தது என்று இரண்டு வாரம் கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கிறார். அப்படிப்பட்ட மனிதர் தன் வாழ்நாளில் படிக்காமல் போட்ட ஒரே கையெழுத்து, தன் காலுக்காகப் போட்டது. மகன் படித்துவிட்டேன் என்று சொன்னதால்.

அறுவை சிகிச்சை சரியான முடிவுதான். அன்று எடுக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் அவர் போயிருப்பார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆகவே இது டாக்டர்களைத் திட்டும் கட்டுரை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் திட்ட வந்தது நம்மை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து, ஆங்கிலமும் மலாயும் கற்று, இப்போது அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வயதுக்கு வந்திருக்கும் நம் தலைமுறையை.

மறுநாள் மாலை மயக்கம் முழுக்கத் தெளிந்தபின் அப்பா போர்வையை விலக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அழவில்லை. கால் போனதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "ஒனக்குத் தெரியுந்தானே?"

மனசு ஒடஞ்சிடும் என்றார்களே, அது உடைந்தது அப்போதுதான். காலால் அல்ல.

*

நான் குலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் பராமரிப்புப் பொறியாளர். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஓர் இயந்திரத்தைத் திறந்து உள்ளே கை விடுவதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்து, அந்த இடத்தில் ஒரு பூட்டுப் போட வேண்டும். பூட்டில் என் பெயர் எழுதிய அட்டை தொங்கும். சாவி என் சட்டைப் பையில் இருக்கும். என் மேலதிகாரி வந்தாலும், தொழிற்சாலைக்கே தலைவர் வந்தாலும், அவர்கள் விருப்பத்துக்கு அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. காரணம் எளிது. உள்ளே இருப்பது என் கை. ஆகவே சாவி என்னிடம்.

யாருடைய கை உள்ளே இருக்கிறதோ அவரிடம்தான் சாவி இருக்க வேண்டும். என் விரலுக்கு இந்த மரியாதையைத் தினமும் கேட்டு வாங்குகிற நான், அப்பாவின் காலுக்கு அதைக் கொடுக்கவில்லை. சாவி ஆறு பேர் கையில் சுற்றியது. ஜொகூருக்குப் போய் வந்தது. கட்டிலுக்கு மட்டும் வரவில்லை.

இதை நாம் அன்பு என்று சொல்லிக்கொள்கிறோம். அந்த அன்பைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

'அவருக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார்' என்பது முதல் வாதம். யார் தாங்க மாட்டார்? பத்து வயதில் பெரட்டுக்குப் போனவர், பாம்பு கடித்த கையோடு பால் எடை போட்டுவிட்டு டிரசரைப் பார்க்கப் போனவர், பிறந்த வீட்டை, கோயிலை, கூட வளர்ந்தவர்களின் சமாதிகளை மண்வாரி இயந்திரம் தள்ளியபோது நின்று பார்த்தவர். அவர் தாங்க மாட்டாராம். குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் நாம் தாங்குவோமாம். தாங்க முடியாதது அவருக்கல்ல, நமக்கு. அப்பா அழுவதைப் பார்க்கும் தைரியம் நமக்கு இல்லை. அந்தப் பயத்துக்கு 'அப்பாவின் மனசு' என்று பெயர் வைத்துவிட்டோம்.

அவருக்குத் தெரியாது என்று நினைப்பதும் நம் அறியாமைதான். 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்த நாட்டில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம்தான் குறைவு. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் எந்தத் தாமானிலும் ஒரு தெருவைச் சுற்றி வாருங்கள். சக்கர நாற்காலி, மடித்துக் குத்திய கால்சட்டை, ஊன்றுகோல். என் அப்பா இப்படி எத்தனை பேரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்திருக்கிறார், எத்தனை பேரைத் தூக்கிப் போயிருக்கிறார். கால் எடுப்பது பற்றி எங்கள் வீட்டில் அதிகம் தெரிந்தவர் அவர்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்றிரவு கூகளில் பார்த்தது.

'நம்ம பண்பாடு வேற, தனிமனித உரிமையெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்' என்பது இரண்டாவது வாதம். இதைப் படித்தவர்களே அதிகம் சொல்கிறார்கள். சரி, நம் பண்பாட்டையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் ஒரு தகராறு என்றால் கோயில் முன்னால் கூட்டம் கூடும். தலைவர் விசாரிப்பார். ஆளாளுக்குப் பேசுவார்கள். சொந்தம், பங்காளி, எல்லாரும் இருப்பார்கள். ஆனால் சம்பந்தப்பட்டவனை நடுவில் நிறுத்தி, "நீ என்னப்பா சொல்ற?" என்று கேட்காமல் எந்தக் கூட்டமும் கலைந்ததில்லை. கோழி திருடியவனுக்குக்கூட அந்த மரியாதை இருந்தது. குடும்பம் கூடிப் பேசுவது தவறு என்று நான் சொல்லவில்லை. நடுவில் நிற்க வேண்டியவரை வார்டில் படுக்க வைத்துவிட்டு, நாம் வாட்சாப் குழுவில் பஞ்சாயத்துப் பண்ணுகிறோமே, அது எந்தப் பண்பாடு?

கெடாவில் பிறந்தவர்கள் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கலாம். ஜப்பான்காரன் போனபின், பெடோங் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி திரட்டிய தொண்டர் படை, தெற்குக் கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியது. பெண்களும் முன்னால் நின்றார்கள். 1947-இல் வேலைநிறுத்தம், போலீஸ் அடி, டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு எல்லாம் நடந்தது. தொழிலாளி உடம்புக்குள் எது போக வேண்டும் என்பதைத் தொரையும் கடைக்காரனும் தீர்மானிக்கக் கூடாது, நாங்கள் தீர்மானிப்போம் என்று அந்த ஜனங்கள் சொன்னார்கள். அவர்களின் பிள்ளைகள்தான் இன்று நம் வீட்டுக் கட்டில்களில் படுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று அவர்களின் பேரப்பிள்ளைகளும் மகன்களும் சொல்கிறோம், கையில் பட்டத்தோடு.

'டாக்டருக்கே நேரமில்லை, எல்லாம் அவசரம்' என்பது மூன்றாவது வாதம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. காய்ந்து கறுத்த விரலுக்கு நாள் கணக்கில் யோசிக்க நேரம் கிடைக்கும். சீழ் பிடித்து, காய்ச்சல் ஏறி, கிருமி ரத்தத்தில் கலந்த காலுக்கு மணிக்கணக்குதான். என் அப்பாவுடையது இரண்டாவது வகை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன், பிறகு ஒருநாள், வீட்டில் தனியாக, கைப்பேசியில் நேரம் வைத்து. "அப்பா, முழங்காலுக்குக் கீழ காலை எடுக்கணும்னு சொல்றாங்க. எடுக்கலன்னா ரெண்டு மூணு நாள்ல உயிருக்கு ஆபத்து. நீங்க என்ன சொல்றீங்க?" ஒன்பது விநாடி. ஆறு பேரிடம் போன் பேச எனக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. ஒன்பது விநாடி இல்லை.

*

ஆஸ்பத்திரியையும் சும்மா விடுவதற்கில்லை. சிறப்பு மருத்துவரை ஐந்து வெள்ளிக்குப் பார்க்க முடிகிற நாடு இது. அந்த ஐந்து வெள்ளியின் அருமை எங்களைப் போன்ற குடும்பத்துக்குத்தான் தெரியும். அதற்காக நன்றி சொல்லிவிட்டுத்தான் குறையும் சொல்கிறேன். நோயாளிக்குத் தெரிந்த மொழியில் பேச ஆள் இல்லாதபோது, பக்கத்தில் நிற்கும் மகனையோ மகளையோ சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளராக்குவது ஆபத்தான பழக்கம். மகன் மொழிபெயர்க்க மாட்டான். வெட்டி ஒட்டுவான். நான் செய்ததுபோல.

சட்டம் நம் பக்கமில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1982-இல் கார் விபத்தில் கழுத்தில் அடிபட்ட ஃபூ ஃபியோ நா என்ற பெண், சிகிச்சைக்காகச் செய்த அறுவைக்குப் பின் கை கால் செயலிழந்துபோனார். அறுவையால் வரக்கூடிய ஆபத்தைத் தனக்குச் சொல்லவில்லை என்று வழக்குப் போட்டார். 2006 டிசம்பர் 29-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. விபத்து நடந்து 24 வருஷம் கழித்து. எந்த ஆபத்தைச் சொல்ல வேண்டும் என்பதை இனி டாக்டர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பு பின்பற்றியது 1992-இல் ஆஸ்திரேலியாவில் வந்த ஒரு தீர்ப்பை. அங்கே ஒரு பெண்ணுக்கு ஒரு கண்ணில் அறுவை செய்ததில் மற்றக் கண்ணும் போய்விட்டது. அப்படி நடக்கும் வாய்ப்பு 14,000-இல் ஒன்று. அவ்வளவு சிறிய ஆபத்தையும் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அவருக்கு அது முக்கியம் என்றது நீதிமன்றம்.

பதினாலாயிரத்தில் ஒன்றைச் சொல்லாததற்கு டாக்டர் கூண்டில் நிற்கிறார். நூற்றுக்கு நூறு நடக்கப்போவதைச் சொல்லாத மகனை 'பாசமான பிள்ளை' என்கிறோம்.

நினைவு தெளிவாக இருக்கும் வயதுவந்த ஒருவரின் சம்மதத்தை அவர்தான் தர வேண்டும். அண்ணன் தர முடியாது, தாய்மாமன் தர முடியாது, படித்த கடைசிப் பிள்ளையும் தர முடியாது. டாக்டர் நம்மைக் கேட்பது உபசாரம். அதை அதிகாரம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

இந்தத் தளத்தில் வருவதால் இலக்கியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் தோட்டக் கதைகளில் கிழவர்களுக்குப் பஞ்சமில்லை. இருமுவார்கள். மகன் வருவான் என்று வாசலைப் பார்ப்பார்கள். பழைய தொரையை நினைப்பார்கள். கடைசிப் பத்தியில் செத்துப்போவார்கள். நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிசு கொடுப்போம். அந்தக் கிழவர்களில் எத்தனை பேர் கதைக்குள் ஒரு முடிவெடுக்கிறார்கள்? 'வேணாம்' என்றோ 'வெட்டு' என்றோ சொல்கிறவர் எத்தனை பேர்? அவர்களைப் பரிதாபமாகவே எழுதிப் பழகிவிட்டோம். பரிதாபத்துக்குரியவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. கதையில் கேட்காதவன் வார்டில் மட்டும் கேட்பானா?

*

முதல் காலுக்குப் பதினான்கு மாதம் கழித்து இடது பாதம். இம்முறை இரண்டு விரல்கள், காய்ந்து கறுத்தவை. காய்ச்சல் இல்லை, நேரம் இருந்தது. ரத்தக்குழாயைத் திறக்க முடியுமா என்று பார்த்தார்கள். குழாய் கீழே வரை அடைத்திருந்தது, பெரிதாகப் பலன் இருக்காது என்றார்கள். மறுபடியும் முழங்காலுக்குக் கீழே எடுப்பதுதான் டாக்டரின் யோசனை.

மறுபடியும் போன் வந்தது. "அப்பாவுக்கு இப்ப ஒண்ணும் தெரிய வேண்டாம்." நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போனேன். டாக்டரையும் அங்கேயே வரச் சொன்னேன். "எங்கப்பாகிட்டயே சொல்லுங்க, நான் வரி வரியா தமிழ்ல சொல்றேன்" என்றேன். அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். ஆனால் மறுக்கவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேட்டால் உட்காருகிறார்கள். கேட்காதது நாம்தான்.

சொல்லி முடித்ததும் ஒரு வேலை செய்தேன். தொழிற்சாலையில் ரேடியோவில் உத்தரவு வந்தால், கேட்டவன் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதுபோல, "அப்பா, டாக்டர் என்ன சொன்னாருன்னு நீங்க திருப்பிச் சொல்லுங்க" என்றேன். அவர் சொன்னது டாக்டர் சொன்னதைவிடத் தெளிவாக இருந்தது.

பிறகு அவர் மூன்று கேள்வி கேட்டார்.

"எடுத்தா எத்தன வருஷம்?" டாக்டர் தயங்கினார். பிறகு சொன்னார். இனிப்புநீரால் காலை இழந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஐந்து வருஷத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். கால் எடுத்ததால் அல்ல. காலைக் கெடுத்த அதே ரத்தக்குழாய் நோய் இதயத்திலும் சிறுநீரகத்திலும் இருப்பதால். முதல் முறை இந்த விவரம் எனக்கே தெரியாது. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

"எடுக்கலன்னா?" விரல்கள் தானாக விழலாம். அல்லது சீழ் பிடித்து, போன தடவை மாதிரி ஆகலாம். எப்போது என்று சொல்ல முடியாது. வலி இருக்கும், அதற்கு மருந்து தர முடியும்.

மூன்றாவது கேள்வியை டாக்டரிடம் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். "ரெண்டு காலும் இல்லன்னா என்னைய யாரு தூக்குவா? ஒன் இடுப்பு தாங்குமா?"

நாங்கள் ஆறு பேர் போனில் பேசியபோது அம்மாவின் இடுப்பு யார் கணக்கிலும் வரவில்லை. அதைக் கணக்கில் சேர்த்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்று நாள் யோசித்தார். நான் என் கருத்தைச் சொன்னேன். எடுத்துக்கொள்ளுங்கள், ஆள் வைக்கலாம், நான் வேலையை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். நாலாவது நாள், "வேணாம் தம்பி" என்றார்.

வீட்டில் பூகம்பம். "படிச்ச புள்ள, அப்பன பயமுறுத்திட்டான்" என்றார் மாமா. "மொத தடவ மாதிரி சொல்லாம செஞ்சிருந்தா இன்னேரம் நல்லபடியா முடிஞ்சிருக்கும்" என்றார் அத்தை. அத்தை சொன்னதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அது மருத்துவப்படி சரியாகவும் இருக்கலாம்.

அப்பா ஏழு மாதம் இருந்தார். வலிக்கு மருந்து கொடுத்தார்கள், ஆனாலும் சில இரவுகள் மோசமானவை. அவருடைய முடிவு தவறு என்றுதான் அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். எடுத்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருந்திருக்கலாம். அதை மறைத்து, 'அவர் விருப்பப்படி நடந்தது, எல்லாம் நன்மைக்கே' என்று இங்கே எழுதினால் நான் மறுபடியும் வெட்டி ஒட்டுகிறேன் என்று அர்த்தம். நாம் சரி என்று நினைப்பதைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் அவர்களுக்கு உரிமை கொடுப்பது உரிமையே அல்ல. தவறாக முடிவெடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. நான் வேறு பல்கலைக்கழகம் போகலாம் என்று தவறாக முடிவெடுத்தபோது அவர் அந்த உரிமையை எனக்குத் தந்தார்.

ஆகவே நான் கேட்பது கொஞ்சம்தான். அடுத்த முறை நடைபாதையில் டாக்டர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டால், போகாதீர்கள். "அப்பா பக்கத்துல பேசலாம்" என்று சொல்லுங்கள். தமிழ் பேசும் டாக்டரோ மிஸ்ஸியோ இருக்கிறார்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். எடுக்காவிட்டால் என்ன ஆகும், வேறு வழி இருக்கிறதா, எடுத்தபின் அன்றாடம் எப்படி இருக்கும், இந்த மூன்றையும் அவர் காதுபடக் கேளுங்கள். அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் 'எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம், நீயே பாத்துக்க' என்றால் அதுவும் அவர் முடிவுதான், ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். போன் அடித்தால் அடிக்கட்டும்.

அறுவை வேண்டாம் என்பதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. மிஸ்ஸி கொண்டுவந்து கொடுத்தார். அப்பா பேனாவை வாங்கவில்லை.

"படிச்சுக் காட்டு" என்றார்.

சுருக்கமாகச் சொல்ல ஆரம்பித்தேன். கையைத் தூக்கி நிறுத்தினார். "முழுசா."

மலாய் வாசகத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ஓரிடத்தில் ஒரு சொல்லை விழுங்கினேன், உயிருக்கு ஆபத்து என்ற இடத்தில். "அதுல என்னா போட்டிருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். பதினொரு நிமிடம் ஆனது. மிஸ்ஸி காத்திருந்தார். பிறகு அப்பா தன் பெயரைத் தமிழில், கோயில் கணக்கில் போடுவதுபோல, அப்பன் பெயரோடு சேர்த்து முழுசாக எழுதினார். பேனாவை என்னிடம் நீட்டினார்.

"இப்ப நீ சாட்சி போடு."